மைலுக்கு எத்தனை சென்ட் என்பதோடு நிறுத்த வேண்டாம்

இந்தியானா மாநிலத்தின் கேரி நகரில் ஓர் உருக்காலை. 42,000 பவுண்டு எடையுள்ள உருக்குச் சுருள் ஒன்றை கிரேன் கொண்டுவந்து பிளாட்பெட் டிரெய்லரின் மேல் வைத்துவிட்டுப் போய்விடுகிறது. அந்த நிமிடத்திலிருந்து சுருள் ஓட்டுநரின் பொறுப்பு. கட்டும் சங்கிலிகளின் மொத்தத் தாங்குதிறன் சரக்கின் எடையில் பாதிக்குக் குறையக் கூடாது என்பது அமெரிக்கக் கூட்டாட்சி விதி. பாதி என்றால் 21,000 பவுண்டு. வழக்கமாகப் பயன்படும் 3/8 அங்குல, கிரேடு 70 சங்கிலி ஒன்று 6,600 பவுண்டு தாங்கும். மூன்று போட்டால் 19,800, போதாது. நான்காவது சங்கிலி கட்டாயம். அனுபவசாலிகள் அதற்கு மேலும் ஒன்றிரண்டு போடுவார்கள்.

சங்கிலியை இழுத்து, பைண்டர் போட்டு முறுக்கி, உரசும் இடங்களில் காப்பு வைத்து, தார்ப்பாயை விரித்து, ரப்பர் வார்களால் சுற்றிலும் இழுத்து மாட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் போய்விடும். பனியும் காற்றும் இருந்தால் இன்னும் கூடும். கிளம்பிய பிறகும் முதல் 50 மைலுக்குள் ஓரங்கட்டி, கட்டுகளைச் சரிபார்த்தாக வேண்டும். அதன் பின் 150 மைலுக்கு ஒருமுறை அல்லது 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது பார்க்க வேண்டும்.

மைல் கணக்கில் சம்பளம் வாங்கும் ஓட்டுநருக்கு, ஆலையின் வாசலைத் தாண்டும் வரை வருமானம் எதுவும் இல்லை.

மூடிய பெட்டி டிரெய்லர் ஓட்டுகிறவருக்கும் பிளாட்பெட் ஓட்டுகிறவருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். பெட்டி டிரெய்லரில் பெரும்பாலும் கதவைச் சாத்தி முத்திரை வைத்தால் வேலை முடிந்தது. பிளாட்பெட்டில் வேலையின் பெரும்பகுதி வண்டி நிற்கும்போது நடக்கிறது. அதனால்தான் பிளாட்பெட் கம்பெனிகள் மைலுக்குச் சில சென்ட் கூடுதலாக அறிவிக்கின்றன. அந்தச் சில சென்ட், நிற்கும் நேரத்து உழைப்புக்கு ஈடாகிறதா என்பதை யாரும் ஓட்டுநருக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. அவரேதான் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஏன் மணிக்கணக்கில் தருவதில்லை?

அமெரிக்காவில் வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி என்பது 1938-ஆம் ஆண்டின் நியாயத் தொழில் தரச் சட்டம் தந்த உரிமை. ஆனால் மாநில எல்லை தாண்டிச் சரக்கு ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களுக்கு அதே சட்டம் ஓவர்டைம் விஷயத்தில் விலக்கு வைத்தது. அந்த விலக்கு இன்றும் இருக்கிறது. குறைந்தபட்சக் கூலி அவர்களுக்கு உண்டு. ஆனால் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையில் மணிக்கு 7.25 டாலர் என்று நிர்ணயித்த இடத்திலேயே நிற்கிறது. 1980-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் சரக்குக் கட்டணங்களின் மேல் இருந்த அரசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. போட்டி பெருகியது, கட்டணம் இறங்கியது, அந்த இறக்கத்தின் பெரும் சுமை ஓட்டுநரின் கூலியில் விழுந்தது. வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகப் பொருளியலாளர் மைக்கேல் பெல்சர் 2000-இல் எழுதிய புத்தகத்தின் மையப் பொருளே இதுதான்.

கூலிக்கும் பாதுகாப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று காட்டியவர்களில் பெல்சரும் ஒருவர். ஜே.பி. ஹன்ட் டிரக் நிறுவனம் 1997-இல் ஓட்டுநர்களின் மைல் கூலியைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு உயர்த்தியது. வேலையை விட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது, விபத்துகளும் குறைந்தன. ஒரு கம்பெனி நல்ல சம்பளம் தருகிறதா என்று பார்ப்பது பணத்தாசை ஆகாது. அந்த வண்டியில் உட்காரும் ஆளின் உயிர்ப் பாதுகாப்பையும் அதே கணக்கு காட்டிவிடும்.

துறை முழுவதையும் நினைவில் வைக்க இரண்டு எண்கள் போதும். கனரக டிரக் ஓட்டுநர்களின் நடுமட்ட ஆண்டு வருமானம் 2024 மே மாதத்தில் 57,440 டாலர் என்கிறது அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை. 2023-இல் ஒரு டிரக்கை ஒரு மைல் ஓட்ட மொத்தம் 2.27 டாலர் செலவானது, அதில் ஓட்டுநரின் கூலி 77.9 சென்ட் என்று அமெரிக்கன் டிரான்ஸ்போர்ட்டேஷன் ரிசர்ச் இன்ஸ்டிடியூட் கணக்கிட்டது. விளம்பரத்தில் வரும் தொகை இவற்றிலிருந்து வெகுதூரம் விலகி நின்றால், ஏன் என்று கேட்க வேண்டும்.

எந்த மைல்?

மைலுக்கு 60 சென்ட் என்று சொன்னதும் ஓட்டுநர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்த மைல்? வண்டியின் மீட்டர் காட்டும் மைலுக்குப் பணம் தரும் கம்பெனிகள் குறைவு. பெரும்பாலானவை மென்பொருள் சொல்லும் தூரத்துக்கே தருகின்றன. அதிலும் இரண்டு வகை. ஒன்று, டிரக் நிஜமாகப் போகக்கூடிய பெரிய சாலைகளின் வழியே அளக்கும் நடைமுறை மைல். மற்றொன்று, வீட்டுச்சாமான் ஏற்றிச் செல்கிறவர்களுக்காக முன்பு உருவான கையேட்டின் வழியில், ஊருக்கு ஊர் மிகக் குறுகிய தூரத்தை எடுக்கும் மைல். இரண்டாவது வகையில், ஓடிய தூரத்தைவிடக் கூலி கிடைக்கும் தூரம் குறைவாகவே வரும்.

ஒரு கணக்கு. கேரியில் உருக்கு ஏற்ற 120 மைல் காலியாகப் போய், அங்கிருந்து ஹூஸ்டனுக்கு 1,080 மைல். ஹூஸ்டனில் இறக்கிவிட்டு 300 மைல் காலியாகப் போய், ஒரு குழாய் லோடு ஏற்றி 1,100 மைல் திரும்புகிறார். மொத்தம் 2,600 மைல். கம்பெனியின் முறை 7 சதவீதம் குறைத்து அளந்தால் கூலி 2,418 மைலுக்குத்தான். 60 சென்ட் வீதம் இழப்பு 109 டாலர். வாரம் ஒருமுறை இப்படிப் போய்வந்தால் ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் போகிறது. அந்தக் கம்பெனியின் 60 சென்ட், நடைமுறை மைலுக்குத் தரும் இன்னொரு கம்பெனியின் 56 சென்ட்டுக்குத்தான் சமம்.

காலி மைலுக்கும் முழுக்கூலியா என்பது இரண்டாவது கேள்வி. பிளாட்பெட்டில் காலி ஓட்டம் அதிகம். உருக்கு இறக்கும் ஊரில் உருக்கு ஏற்ற முடியாது. மரம் இறக்கும் கட்டுமானத் தளத்தில் திரும்ப ஏற்ற ஒன்றுமே இருக்காது. லோடுக்கு ஒரு விலை, காலிக்கு ஒரு விலை என்று வைத்திருக்கும் கம்பெனியில், வாரத்துக்குச் சராசரியாக எத்தனை காலி மைல் ஓடுகிறார்கள் என்று தெரியாமல் எந்தத் தொகையையும் நம்பக் கூடாது.

சதவீதம்: உயரும்போது இனிக்கும்

லோடின் வருவாயில் இத்தனை சதவீதம் என்று தருவது பிளாட்பெட் உலகில் வேரூன்றிய முறை. அயோவா மாநிலத்து டெஸ் மொய்ன்ஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட டி.எம்.சி. போன்ற பெரிய பிளாட்பெட் கம்பெனிகள் இதனாலேயே பேர் வாங்கியவை. கம்பெனி வண்டி ஓட்டுகிறவருக்கு 25 முதல் 30 சதவீதம் வரை என்பது பரவலான வழக்கம்.

மேலே சொன்ன அதே பயணத்தை எடுத்துக்கொள்வோம். போகிற லோடுக்கு 2,700 டாலர், திரும்பும் லோடுக்கு 1,700 டாலர் என்று வைத்துக்கொண்டால், 27 சதவீதத்தில் ஓட்டுநருக்கு 729-ம் 459-ம் சேர்த்து 1,188 டாலர். நடைமுறை மைலுக்கு 60 சென்ட் தருகிற கம்பெனியில் 2,600 மைலுக்கு 1,560, போகும்போது தார்ப்பாய் போட்டதற்கு 50, ஆக 1,610 டாலர். சதவீதக்காரர் 422 டாலர் பின்தங்கிவிட்டார். இப்போது சந்தை சூடுபிடித்த மே மாதத்தில், அதே லோடுகள் 3,800-க்கும் 2,900-க்கும் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். சதவீதக்காரருக்கு 1,809 டாலர். மைல்காரர் அதே 1,610-இல் நிற்கிறார்.

அதாவது சதவீத முறையில் சந்தையின் ஏற்ற இறக்கம் ஓட்டுநரின் தலையில் வந்து இறங்குகிறது. பிளாட்பெட் சரக்கில் பெரும்பகுதி கட்டுமானத்தைச் சார்ந்தது: மரம், உருக்கு, குழாய், கூரை ஓடு, ஜிப்சம் பலகை. வசந்தம் தொடங்கிக் கோடை வரை விலை ஏறும். பனி விழுந்தால் படுக்கும். கையில் மூன்று நான்கு மாதச் சேமிப்பு உள்ளவருக்கும், எந்த லோடில் காசு உண்டு என்று தெரிந்த அனுபவசாலிக்கும் சதவீதம் நல்லது. ஊரில் கடன் வைத்துவிட்டு வந்த புது ஓட்டுநர் முதல் ஆண்டு மைல் கூலியில் இருப்பதே மேல்.

சதவீதத்தில் ஒரு நுணுக்கம் உண்டு, ஏமாறுவது அங்கேதான். எதன் சதவீதம்? சரக்குக்காரர் கொடுத்த முழுத் தொகையிலா, தரகர் கமிஷன் போன பிறகு மிஞ்சியதிலா? கம்பெனியே ஒரு தரகுப் பிரிவும் வைத்திருந்தால், அந்தப் பிரிவு முதலில் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கம்பெனிக்குத் தரும். ஓட்டுநரின் சதவீதம் மீதியின் மேல்தான். எரிபொருள் கூடுதல் கட்டணம் கணக்கில் சேருமா? தார்ப்பாய்க்கு வாடிக்கையாளர் தனியாகத் தரும் பணம் முழுதாக ஓட்டுநருக்கு வருமா, அதையும் பங்கு போடுவார்களா?

சொந்த வண்டியைக் கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் விட்டு ஓட்டுகிறவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. சதவீத அடிப்படையில் பணம் பெறுகிறவருக்கு, கணக்குத் தீர்க்கும்போதோ அதற்கு முன்போ, லோடின் கட்டணம் குறித்த ரசீதின் நகலைக் கம்பெனி தந்தாக வேண்டும். தேவையான காகிதங்களை ஒப்படைத்த 15 நாளுக்குள் பணமும் தர வேண்டும். கம்பெனி வண்டி ஓட்டும் ஊழியருக்கு இந்த விதி பொருந்தாது. அதனால் அவர் சேரும்போதே, லோடின் கட்டணச் சீட்டைக் காட்டுவீர்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தார்ப்பாயும் காத்திருப்பும்

மரலோடுக்குப் போடும் தார்ப்பாய் பக்கவாட்டில் எட்டு அடி தொங்கும். ஒன்றே 80 முதல் 100 பவுண்டுக்கு மேல் கனக்கும். ஒரு லோடுக்கு இரண்டு தேவை. ஃபோர்க்லிஃப்ட் உதவி கிடைக்காத இடத்தில் ஓட்டுநர் தோளில் சுமந்து ஏற வேண்டும். தரையிலிருந்து லோடின் உச்சி பதின்மூன்று அடியைத் தொடும். அந்த உயரத்தில் நின்று, காற்று படபடக்க வைக்கும் தார்ப்பாயை விரித்து, மூலைகளை மடித்து, கீழே இறங்கி வந்து வார்களை ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். இறக்கும் இடத்தில் அத்தனையையும் கழற்றி, ஈரமும் சேறுமாகச் சுருட்டிக் கட்ட வேண்டும். போடவும் எடுக்கவும் சேர்த்து இரண்டு மணி நேரம் என்று வைத்தால், 50 டாலர் தார்ப்பாய்ப் படி மணிக்கு 25 டாலர் ஆகிறது. 30 டாலர் என்றால் 15 தான். 13 அடி உயரத்தில் செய்யும் வேலைக்கு மணிக்கு 15 டாலர் என்பதை எந்த ஓட்டுநரும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

படி எவ்வளவு என்பதோடு, எப்போது என்பதையும் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறை போட்டதற்கும் தருகிறார்களா, வாடிக்கையாளர் கொடுத்தால் மட்டும் தருகிறார்களா? கம்பெனி முற்றத்தில் நின்ற வேறொருவரின் டிரெய்லருக்குத் தார்ப்பாய் மாற்றிப் போட்டால் உண்டா? சில கம்பெனிகளில் தண்டவாளத்தில் ஓடும் மடிப்புக் கூடாரம் பொருத்திய கோனெஸ்டோகா டிரெய்லர்கள் உண்டு. அதில் தார்ப்பாய்ப் படி கிடையாது; முதுகும் முழங்காலும் மிஞ்சும். வயது ஐம்பதைத் தொட்டவர்கள் மைலுக்கு இரண்டு சென்ட் குறைந்தாலும் அதைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

காத்திருப்பு இதைவிடப் பெரிய ஓட்டை. அமெரிக்க விதிப்படி ஓட்டுநர் வேலையைத் தொடங்கியதிலிருந்து 14 மணி நேரச் சாளரத்துக்குள், அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம்; பிறகு 10 மணி நேர ஓய்வு கட்டாயம். வண்டியின் படுக்கைப் பகுதியில் ஓய்வைப் பிரித்து எடுக்கும் சலுகை தவிர, அந்த 14 மணி நேரம் இடையில் நிற்காது. 2017 டிசம்பரில் மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயமான பிறகு, இதில் முன்பின் எழுத வழியும் இல்லை. காலை 6 மணிக்கு வேலை தொடங்கிய ஓட்டுநரை ஒரு கிடங்கு 5 மணி நேரம் நிற்க வைத்தால், அவருக்கு அந்த ஐந்து மணி நேரக் கூலியோடு, அன்று மாலை ஓட்டியிருக்க வேண்டிய மைலும் போகிறது. அடுத்த நாள் ஏற்றவேண்டிய லோடும் கைநழுவலாம்.

அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018 ஜனவரியில் இதை ஆராய்ந்து அறிக்கை தந்தது. முழு லோடு ஏற்றும் பிரிவில் காத்திருப்பால் ஓட்டுநர்கள் ஆண்டுக்கு 110 கோடி முதல் 130 கோடி டாலர் வரை இழக்கிறார்கள் என்பது அதன் மதிப்பீடு. நிறுத்தி வைக்கும் நேரம் சராசரியாக 15 நிமிடம் கூடினால், விபத்து வீதம் 6.2 சதவீதம் கூடும் என்றும் அது சொன்னது. காத்திருந்து களைத்தவர், விட்டதைப் பிடிக்க விரட்டுகிறார்.

வழக்கமான ஏற்பாடு: முதல் இரண்டு மணி நேரம் இலவசம், அதன் பின் மணிக்கு இத்தனை டாலர். இங்கே தொகையைவிட நிபந்தனை முக்கியம். நேரம் எப்போது தொடங்குகிறது — வாசலில் வந்து பதிவு செய்தபோதா, குறித்த நேரத்திலிருந்தா? சீட்டில் கிடங்குக்காரர் கையெழுத்து வேண்டுமா? வாடிக்கையாளர் பணம் தராவிட்டாலும் கம்பெனி தன் கையிலிருந்து தருமா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று எழுதித் தரும் கம்பெனி, ஓட்டுநரின் நேரத்தை மதிக்கும் கம்பெனி. ஒரு நாள் முழுக்க லோடே இல்லாமல் நின்றால் தரும் நாள்படி, வண்டி பழுதானால் தரும் படி, கூடுதல் இடத்தில் நிறுத்தி இறக்கினால் தரும் படி, அகலமான சரக்குக்கான படி ஆகியவற்றையும் இதே கேள்வியால் சோதிக்கலாம்.

தினப்படி என்ற இனிப்பு

60 சென்ட்டில் 48 சென்ட் சம்பளம், 12 சென்ட் தினப்படி என்று பிரித்துத் தருகிறோம், வரி மிச்சம் என்பார்கள். நம்மூர் லாரிக்காரர்களின் பேட்டா போலக் கூடுதலாக வருவது என்று எண்ணிவிடக் கூடாது. இது ஏற்கெனவே பேசிய கூலிக்குள்ளிருந்து வெட்டி எடுத்தது. போக்குவரத்துத் தொழிலாளருக்கு அமெரிக்க வருமான வரித்துறை அனுமதிக்கும் உச்சம் 2024 அக்டோபர் முதல் நாளுக்கு 80 டாலர்.

2,600 மைலுக்கு 12 சென்ட் வீதம் 312 டாலர் தினப்படி. அந்தத் தொகைக்கு ஓட்டுநர் கட்டவேண்டிய சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தம் 7.65 சதவீதம், சுமார் 24 டாலர், மிச்சம். வருமான வரியும் கொஞ்சம் குறையும். அதே 24 டாலர் கம்பெனிக்கும் மிச்சமாகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. அதற்கு மேலும் நிர்வாகச் செலவு என்று மைலுக்கு ஒரு சென்ட் இரண்டு சென்ட் பிடிக்கும் இடங்கள் உண்டு.

சம்பளம் குறைவாகப் பதிவாவதால், பிற்கால ஓய்வூதியக் கணக்கு, வேலையிழப்புக் காப்பீடு, அடிபட்டால் கிடைக்கும் வாராந்திர ஈட்டுத்தொகை, வீட்டுக்கடனுக்குக் காட்டும் வருமானம் எல்லாம் சுருங்கக்கூடும். இன்னொரு பக்கம், 2018 முதல் ஊழியர்கள் தங்கள் உணவுச் செலவை வரிக் கணக்கில் தாங்களே கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே தினப்படியை முற்றாக ஒதுக்கவும் முடியாது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும், ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும் உரிமையும் தருகிற கம்பெனியைத் தேடுவது நல்லது.

வண்டியை உங்களுக்கே தருகிறோம்

வண்டியைக் குத்தகைக்கு எடு, ஓட்டி ஓட்டிச் சொந்தமாக்கிக்கொள், சதவீதமும் கூடும் — இந்தப் பேச்சில் விழுந்தவர்கள் ஏராளம். வாராவாரம் வண்டித் தவணை, காப்பீடு, பராமரிப்பு நிதி, பிணைத்தொகை என்று பிடித்தங்கள் முதலில் போகும். லோடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவை நிற்காது. லோடு தருகிறவரும் தவணை வாங்குகிறவரும் ஒரே கம்பெனி என்பதால், ஓட்டுநரால் வேறு எங்கும் போய் லோடு எடுக்கவும் முடியாது.

இந்த ஏற்பாட்டில் ஓட்டிய டொமினிக் ஒலிவேரா, நியூ பிரைம் நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. பிடித்தங்கள் போக, சில வாரம் தன் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போனது என்பது அவருடைய புகார்களில் ஒன்று. ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பு விதி இருப்பதால் நீதிமன்றத்துக்கு வரக் கூடாது என்று நிறுவனம் வாதிட்டது. 2019 ஜனவரி 15 அன்று எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக, சுயதொழில் ஒப்பந்தக்காரர் என்று எழுதப்பட்டிருந்தாலும் இத்தகைய போக்குவரத்துத் தொழிலாளரைக் கூட்டாட்சி நடுவர் சட்டத்தைக் காட்டிக் கட்டாயப்படுத்த முடியாது என்றனர். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நீல் கோர்சச். பின்னர் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது.

அமெரிக்க நாடாளுமன்றம் 2021-இல் நிறைவேற்றிய உள்கட்டமைப்புச் சட்டத்தின்படி அமைந்த டிரக் குத்தகைப் பணிக்குழு, 2025 ஜனவரியில் தன் அறிக்கையை வெளியிட்டது. கம்பெனியே குத்தகைக்கு விட்டு, கம்பெனியே லோடும் தரும் திட்டங்களைத் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரை. சீர்திருத்தினால் போதும் என்று அது சொல்லவில்லை. புதிதாக வருகிறவருக்கு இந்த அத்தியாயம் தரும் அறிவுரையும் அதுவே: இத்தகைய குத்தகையில் கையெழுத்திடாதீர்கள்.

குத்தகைக்காரரும் சொந்த வண்டிக்காரரும் இன்னொன்றையும் விலையாகத் தருகிறார்கள். லோடின் மேலிருந்து விழுந்தால், ஊழியருக்குத் தொழிலாளர் ஈட்டுறுதி உண்டு. ஒப்பந்தக்காரருக்குப் பெரும்பாலும் தொழில் விபத்துக் காப்பீடு மட்டும்தான். அதில் உச்சவரம்பும் விலக்குகளும் இருக்கும், பிரீமியமும் அவர் பணத்திலிருந்தே போகும். பெட்டி டிரெய்லர் ஓட்டுநருக்கு இது ஒரு வரி. பதின்மூன்று அடி உயரத்தில் தார்ப்பாய் போடுகிறவருக்கு இதுதான் ஒப்பந்தத்தின் முதல் பக்கம்.

எல்லை தாண்டும் ஓட்டம்

டொராண்டோ வட்டாரத்தில் இத்தொழிலில் இருக்கும் தமிழர்களுக்கு மேலும் சில கணக்குகள் உண்டு. ஹாமில்டனில் உருக்கு ஏற்றி, வின்ட்சர் வழியாகவோ ஃபோர்ட் எரி வழியாகவோ அமெரிக்காவுக்குள் போகிறவர், கூலி கனடா டாலரிலா அமெரிக்க டாலரிலா என்பதை முதலில் தெளிவாக்க வேண்டும். எல்லைப் பாலத்தில் காத்திருக்கும் நேரத்துக்கு எல்லைப்படி உண்டா என்று கேட்க வேண்டும். கனடாத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வரும் நெடுந்தொலைவு ஓட்டுநருக்கு, வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் உரிமை உண்டு. அமெரிக்க ஓட்டுநருக்கு இல்லாத சலுகை இது. சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு வேளைக்கு 23 டாலர் வீதம், நாளுக்கு மூன்று வேளை வரை எளிய முறையில் வரிக் கணக்கில் காட்டலாம். நெடுந்தொலைவு ஓட்டுநருக்கு அதில் 80 சதவீதம் கழிவு உண்டு.

ஓவர்டைம் உரிமை ஊழியராக இருந்தால்தான். உன் பெயரில் ஒரு கம்பெனி தொடங்கு, பிடித்தம் இல்லாமல் முழுக்காசும் தருகிறோம் என்று சொல்லும் வழக்கம் ஒன்டாரியோவில் பரவியிருக்கிறது. கம்பெனியின் வண்டியை, கம்பெனி சொல்லும் நேரத்தில், கம்பெனியின் லோடோடு ஓட்டுகிறவர் சுயதொழில் செய்கிறவர் ஆக மாட்டார். விடுமுறைச் சம்பளம், ஓய்வூதியத்தில் முதலாளியின் பங்கு, வேலையிழப்புக் காப்பீடு, அடிபட்டால் ஈட்டுறுதி எல்லாம் போய்விடும். வருமான வரித்துறை பின்னால் வந்து கணக்குக் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவரும் ஓட்டுநர்தான்.

மணிக்கு எவ்வளவு?

எந்த முறையில் தந்தாலும் கடைசியில் ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்க்கலாம். கேரி–ஹூஸ்டன் பயணத்தின் 2,600 மைலை, மணிக்குச் சராசரி 55 மைல் வேகத்தில் ஓட்ட 47 மணி நேரம். இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம், கட்டுதல், காத்திருப்பு எல்லாம் சேர்த்து 14 மணி நேரம். வண்டிப் பரிசோதனை, டீசல், காகித வேலை 5 மணி நேரம். ஆக 66. மைல்காரரின் 1,610 டாலர் மணிக்கு 24.40 ஆகிறது. சதவீதக்காரருக்கு மந்தமான மாதத்தில் 18, நல்ல மாதத்தில் 27.40. வீட்டை விட்டு வெளியே படுக்கும் இரவுகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. அதற்கு என்ன விலை என்பதை அவரவர் குடும்பமே தீர்மானிக்க வேண்டும்.

ஆள் சேர்க்கும் அதிகாரியிடம் தொலைபேசியில் பேசும்போது, சராசரி வார வருமானம் என்ன என்று கேட்டால் ஓர் அழகான எண் வரும். மாறாக, ஓராண்டாக அங்கே ஓட்டும் ஒருவரின் ஜனவரி, மே, அக்டோபர் மாதச் சம்பளச் சீட்டுகளை, பெயரை மறைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். சேர்ந்தவுடன் தருவதாகச் சொல்லும் போனஸ் எத்தனை தவணையில் வரும், இடையில் விலகினால் திருப்பிக் கேட்பார்களா, வாரத்துக்குக் குறைந்தபட்ச உத்தரவாதம் என்றால் ஒரு நாள் வீட்டுக்குப் போனால் அது ரத்தாகுமா என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். ஜனவரிச் சீட்டைக் காட்ட மறுக்கிற இடத்தில் சேர அவசரப்பட வேண்டாம்.

வேலையில் சேர்ந்த பிறகும், ஒவ்வொரு வாரச் சீட்டையும் மின்னணுப் பதிவோடு ஒப்பிட்டு, கிடங்கு வாசலில் நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூலி பாக்கியைக் கேட்டுப் போராடக் கால வரம்பு உண்டு: அமெரிக்கக் கூட்டாட்சிக் கூலிச் சட்டத்தில் இரண்டு ஆண்டு, முதலாளி தெரிந்தே மீறியிருந்தால் மூன்று; கனடாத் தொழிலாளர் சட்டத்தில் பணம் தந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஆறே மாதம்.